நாலு மாடி தாங்கிய தூண் ஐந்தாவதையும் தாங்குமா?

நாலு மாடியைத் தாங்கிய தூண் ஐந்தாவதையும் தாங்கும், கல்லூரிக்கு லீவு விடாமலே மொட்டை மாடியில் தளம் ஏற்றலாம் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. கட்டடம் தாங்க வேண்டிய சுமையைச் சொல்லும் இந்தியத் தர விதியான ஐஎஸ் 875-இல் ஆள் ஏறும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமைதான் கணக்கு, வகுப்பறைக்கு 300. இதுகூடப் பரவாயில்லை, வேலை நடக்கும்போதுதான் பெரிய ஆபத்து: 15 செ.மீ. தளத்துக்கு ஊற்றும் ஈரக் கான்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 375 கிலோ வரும், அது இறுகும் வரை முட்டுகள் வழியாக அத்தனையும் பழைய கூரையின் தலையில்தான் இறங்கும், கீழ்த்தளங்களிலும் முட்டு கொடுக்கவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். 2025 செப்டம்பரில் இந்தோனேசியாவின் சிடோவார்ஜோவில் ஒரு விடுதிப் பள்ளியில், மேலே கான்கிரீட் போட்ட அன்றே, கீழே மாணவர்கள் தொழுதுகொண்டிருக்கும்போது கட்டடம் சரிந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதற்காகக் கட்டவே கூடாது என்று இல்லை. பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து, தூணில் கோர் (துளைத்து எடுக்கும் கான்கிரீட் உருளை) எடுத்துச் சோதித்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போடட்டும். அப்புறம், கான்கிரீட் போடும் நாட்களில் கீழே ஒரு வகுப்பும் வேண்டாம்.