மூன்றாவது தோசை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. என் கணவர் மூன்றாவது தோசையைப் பிட்டுச் சட்னியில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் எங்கள் சின்னவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, போதும். சாப்பிடாதே." விளையாடுகிறான் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே அந்த வாயைச் சாப்பிட்டார். பையன் அலறிவிட்டான். கையை மட்டும் விடவில்லை. அப்போது அவனுக்கு நாலரை வயது.

காரணம் பிடிபட எனக்கு அரை மணி நேரம் ஆனது. அன்று மத்தியானம் 'ஸ்பிரிட்டட் அவே' பார்த்திருந்தோம். ஹயாவோ மியாசாகி 2001இல் எடுத்த ஜப்பானியப் படம், ஆஸ்கர் வாங்கியது. சிஹிரோ என்ற பத்து வயதுப் பெண் அப்பா அம்மாவுடன் புது ஊருக்குக் குடிபோகிறாள். வழி தவறிப் போன இடத்தில் ஆளே இல்லாத ஒரு கடைத்தெரு. ஒரு கடையில் மட்டும் சாப்பாடு குவிந்து கிடக்கிறது. கடைக்காரர் வந்ததும் பணம் கொடுத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் இருவரும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிக்கிறார்கள். மகள் கூப்பிடுகிறாள், அவர்கள் காதில் விழவில்லை. அவள் கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அப்பாவின் சட்டைக்குள் ஒரு பன்றி உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது.

படத்தைப் போட்டது ஒன்பது வயது மூத்தவளுக்காகத்தான். பொம்மைப் படம்தானே என்று சின்னவனையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். முற்றிலும் அசட்டையாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. முகமூடி போட்ட ஒரு உருவம் ஆட்களை விழுங்கும் என்று தோழி ஒருத்தி எச்சரித்திருந்தாள். அந்த இடம் வந்ததும் இவன் கண்ணைப் பொத்தத் தயாராக இருந்தேன். அது வந்தது, தவளையை விழுங்கியது. இவன் சிரித்தான். "அவனுக்கு வயிறு வலிக்கப்போகிறது" என்றான். பயமில்லாத பிள்ளை என்று எனக்குப் பெருமை வேறு. பன்றிக் காட்சி அதற்கு வெகுநேரம் முன்பே, படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வந்து போய்விட்டது. அப்போது நான் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நாம் பூதத்தின் உயரத்தை அளந்து முடிவு செய்கிறோம். பல் எத்தனை, ரத்தம் உண்டா, யாராவது சாகிறார்களா என்று பார்க்கிறோம். நாலு வயதுக்காரனின் கணக்கே வேறு. அவனுக்கு உலகம் என்பதே ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு படுக்கை. அந்த நான்கில் எதையாவது படம் தொட்டால் அவன் கதி கலங்கிவிடுகிறது. அதைத் தொடாத ராட்சசன் ஐம்பது அடி உயரமாக இருந்தாலும் அவனுக்கு அக்கறை இல்லை.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்து ஒரு வாரம் திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்ற பேராசிரியர் 1980களிலேயே இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறார். நல்ல மனிதன் ஒருவன் பச்சை நிற ராட்சதனாக உருமாறும் ஹல்க் தொடர் அந்த ஊர் டிவியில் ஓடிய காலம். ஹல்க் நல்லவன், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுபவன். இருந்தும் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகள் அவன் உருமாறிய பிறகுதான் அதிகம் பயந்தார்கள். பெரிய பிள்ளைகள் பயந்தது அதற்கு முன்னால், அந்த மனிதன் ஆபத்தில் சிக்கும் இடத்தில். ஒரே கதைதான், பயம் உட்காரும் இடம் வேறு. எங்கள் சோபாவிலும் அதுதான் நடந்தது. மூத்தவள் கவலைப்பட்டது சிஹிரோ ஊர் திரும்புவாளா என்று. சின்னவன் கவலைப்பட்டது அவன் அப்பாவைப் பற்றி.

அதே கேன்டர் செய்த இன்னொரு சோதனை என்னை இன்னும் உறுத்தியது. 1939இல் வந்த 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் சூனியக்காரிக் காட்சியைப் பிள்ளைகளுக்குப் போடும்போது, இது நிஜம் இல்லை என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது முதல் பதினோரு வயதுக்காரர்களுக்கு அது உதவியது. மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்களுக்கு உதவவில்லை. அன்று இரவு தோசைத் தட்டுக்கு முன்னால் நான் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன்: "அது நிஜம் இல்லைடா கண்ணா, வெறும் படம்." அந்த வயதில் அந்த வாக்கியம் வெறும் சத்தம். கடைசியில் அவனை அடக்கியது என் பேச்சு இல்லை. கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். அவர் கன்னத்தையும் காதையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான். அதன் பிறகு இரண்டு வாரம் போல அவர் எத்தனை தோசை சாப்பிடுகிறார் என்று எண்ணினான்.

இதை முன்பு ஒரு முறை சொன்னபோது உறவுக்காரர் ஒருவர், "நாங்கள் எல்லாம் விட்டலாச்சாரியா படம் பார்த்து வளர்ந்தவர்கள், என்ன கெட்டுப்போய்விட்டோம்?" என்று கேட்டார். நானும் பார்த்தவள்தான். எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து விட்டலாச்சாரியா எடுத்த பேய்ப் படமான 'ஜகன்மோகினி' பார்த்தபோது எனக்கு ஆறு வயது. விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கும் காட்சியை அந்தத் தலைமுறையில் யாரும் மறந்திருக்க முடியாது. கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வெகுநாள் விடியற்காலையில் அம்மா விறகடுப்பு முன்னால் குந்தியிருக்கும்போது, சமையலறை வாசலில் நின்று அவள் இரண்டு கால்களும் சேலைக்கு வெளியே தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். யாரிடமும் சொன்னதில்லை. கெட்டுப்போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறு வயதுக்காரியை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

பயமே கூடாது என்று சொல்ல வரவில்லை. என் மாமனார் சொல்லும் கதைகளில் ஏழு கடல் தாண்டி இருக்கும் ராட்சசன் ராஜகுமாரர்களை வரிசையாக விழுங்குகிறான். சின்னவனுக்கு அது உயிர். ஆனால் தாத்தா கதை சொல்லும்போது பேரன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். அவன் கண் கொஞ்சம் அதிகமாக விரிந்தால் ராட்சசன் உடனே வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்துவிடுகிறான். நேற்று விழுங்கப்பட்ட மூன்றாவது இளவரசன் இன்று ஏப்பத்தில் வெளியே வந்துவிடுகிறான். திரை யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதனால் திரைக்கு முன்னால் அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும், அவரைக்காயை ஓரமாக வைத்துவிட்டு.

தணிக்கைச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யலாமே என்பார்கள். 2023இல் திருத்திய நம் நாட்டுத் திரைப்படச் சட்டத்தின்படி இப்போது யுஏ சான்றிதழே 7, 13, 16 என்று மூன்று வயதுகளாகப் பிரிந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த எண்கள் பெற்றோருக்கான பரிந்துரை மட்டும், கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 13 வயது எல்லை 1984இல் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் நமக்குத் தெரிந்த ஒருவர்தான். 'தளபதி'யில் கலிவரதனாக வந்த அம்ரீஷ் புரி, இண்டியானா ஜோன்ஸ் படம் ஒன்றில் உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கினார். பிள்ளைகளோடு போயிருந்த பெற்றோர் கொதித்தார்கள், அதே வருடம் புது வகை பிறந்தது. ஆனால் இதயத்தைப் பிடுங்குவதைத் தணிக்கைக்காரரால் கண்டுபிடிக்க முடியும். அப்பா தோசை சாப்பிடுவது எந்தத் தணிக்கைக்காரர் கண்ணில் படும்? மியாசாகி அந்தப் படத்தைத் தன் நண்பர்களின் பத்து வயதுப் பெண்களை மனதில் வைத்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். பத்து வயதுக்கு வெட்டிய சட்டையை நாலரை வயதுக்குப் போட்டது நான்.

இப்போதெல்லாம் புதுப் படம் என்றால் முந்தின இரவே நான் தனியாகப் பார்த்துவிடுகிறேன். யார் யாரை விட்டுப் போகிறார்கள், யாருடைய முகம் மாறுகிறது, அது எந்த இடத்தில் நடக்கிறது என்றுதான் பார்க்கிறேன். சமையலறை, படுக்கை, குளியலறை என்றால் யோசிக்கிறேன். காட்டில், குகையில் நடந்தால் அவ்வளவு யோசிப்பதில்லை. தியேட்டர் வேறு விஷயம். அங்கே சத்தமே பாதி பூதம். இரவுக் காட்சிக்கு மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்து, அது காதைப் பொத்திக்கொண்டு கதறும்போது "இதோ முடிந்துவிடும்" என்று அமுக்கி உட்காரவைக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. டிக்கெட் காசு போனால் போகட்டும், எழுந்து வாருங்கள். நானும் ஒரு முறை இடைவேளைக்கு முன்பே எழுந்து வந்திருக்கிறேன். மூத்தவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தத் தண்டனையை வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் சின்னவனே வந்து அந்தப் பன்றிப் படத்தைப் போடச் சொன்னான். இப்போது அவனுக்கு ஆறரை. ரிமோட்டை அவன் கையில் கொடுத்தேன். கடைத்தெரு வந்ததும் சத்தத்தை முழுவதும் குறைத்தான். அப்பா உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும் படத்தை நிறுத்திவிட்டு, உள்ளே போய் வேலையாக இருந்த தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தான். மறுபடி ஓட்டினான், மறுபடி நிறுத்தினான். பன்றி திரும்பிப் பார்த்த இடத்தில், "இன்றைக்கு இது வரைக்கும் போதும்" என்று அணைத்துவிட்டான். மீதிப் படம் இன்னும் பாக்கி இருக்கிறது.