தெருவில் கண்டெடுத்தவன் விற்கலாம், பழுது பார்த்தவன் விற்கக் கூடாதா?

வேலை முடிந்தது. பில் போட்டாயிற்று. ஓனருக்குப் போன் பண்ணிச் சொல்லியாயிற்று. "நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்கிறார். நாளை அடுத்த வாரமாகிறது, அடுத்த மாதமாகிறது, கடைசியில் அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்கிறது. வண்டி மட்டும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. உள்ளே போட்ட உதிரி பாகத்துக்கு ஸ்பேர் கடைக்காரர் கடனைக் கேட்கிறார். லேபர் கூலியை ஆட்களுக்குக் கொடுத்து முடித்தாயிற்று. ஜிஎஸ்டி பதிவு இருந்து பில் போட்டிருந்தால், காசு கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்த பில்லுக்கான வரியைக் கட்டியே ஆக வேண்டும். வராக்கடன் என்று சொல்லி அந்த வரியைத் திரும்ப வாங்க நம் ஜிஎஸ்டி சட்டத்தில் வழி கிடையாது.

ஓடாமல் நிற்கும் வண்டி நின்ற இடத்திலேயே கெடுகிறது. முதலில் பேட்டரி சாகிறது. டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிறது. பிரேக் காலிப்பர் பிடித்துக்கொள்கிறது. டேங்கில் பெட்ரோல் கெட்டு இன்ஜெக்டரை அடைக்கிறது. எலி வயரிங்கைக் கடித்துப் போடுகிறது. நாம் செய்த வேலையின் மதிப்பும் அதோடு கரைகிறது. ஒருநாள் ஓனர் வந்து நின்றால் "நான் விட்டப்போ இப்படி இல்லையே" என்று சண்டைக்கு வருகிறார். அவர் பக்கமும் சட்டம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151: நம்மிடம் விட்ட பொருளை நம் சொந்தப் பொருளைப் போல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். காசு தராதவரின் வண்டிக்குக் காவல் காக்கும் கடமை நமக்கு.

அதே சட்டத்தின் பிரிவு 170 நமக்கு ஓர் உரிமை கொடுக்கிறது: உழைப்போ திறமையோ செலுத்திய பொருளை, கூலி வரும்வரை பிடித்து வைக்கலாம். அவ்வளவுதான். விற்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதற்கு நேர் முந்தைய பிரிவு 169-ஐப் படித்துப் பாருங்கள். பொருளைத் தொலைந்த நிலையில் கண்டெடுத்தவருக்கு விற்கும் உரிமை உண்டு. முறையாகத் தேடியும் உரிமையாளர் கிடைக்காவிட்டாலோ, கிடைத்தும் செலவைத் தர மறுத்தாலோ, அந்தப் பொருள் அழியும் நிலையில் அல்லது மதிப்பின் பெரும்பகுதியை இழக்கும் நிலையில் இருந்தால் விற்கலாம். செலவு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினாலும் விற்கலாம். கண்டெடுத்தவருக்கு இவ்வளவு. ஓனரே சாவியைக் கையில் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையைச் செய்தவருக்கு ஒன்றுமில்லை!

அடகு பிடித்தவர் நியாயமான நோட்டீஸ் கொடுத்து விற்கலாம், பிரிவு 176. பார்சல் லாரி கம்பெனி, சரக்கை யாரும் எடுக்க வராவிட்டால் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி 30 நாள் பார்த்துவிட்டு, மறுபடி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விற்கலாம். அந்த லாரியின் இன்ஜினை இறக்கி வேலை பார்த்தவர் மட்டும் விற்கக் கூடாது. நமக்கு இந்த ஒப்பந்தச் சட்டத்தை எழுதிவைத்த ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் 1977-லேயே இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பழுதுபார்க்க விட்ட பொருளை எடுக்கவில்லையா, கூலி பாக்கி இருக்கிறதா, மூன்று மாத நோட்டீஸ் கொடு, விற்றுக்கொள், மிச்சத்தை ஓனருக்குக் கொடு. நம் நாடாளுமன்றம் இத்தனை வருடத்தில் இந்த ஒரு பத்தியைச் சேர்க்கவில்லை. கேட்க ஆளில்லாத தொழில் என்றால் இப்படித்தான்.

சரி, இருக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டே வண்டியை நம் பெயருக்கோ இன்னொருவர் பெயருக்கோ மாற்ற முடியுமா? முடியும். ஆனால் வழி கோர்ட்டு வழியாகத்தான் போகிறது. ஆரம்பத்திலேயே காகிதம் சரியாக இல்லாவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும்.

வண்டி உள்ளே வரும்போதே ஜாப் கார்டில் ஓனரின் கையெழுத்து வேண்டும். கொண்டுவந்தவர் டிரைவரா, மச்சானா, வாங்கப் போகிறவரா என்று எழுதுங்கள். ஆர்சி நகலில் உள்ள பெயரும் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆளா பாருங்கள். வேறு ஆளாக இருந்தால் ஆர்சியில் உள்ளவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் சம்மதமாவது வாங்குங்கள். இல்லையென்றால் பிறகு "நான் வேலையே செய்யச் சொல்லவில்லை" என்று அவர் கையை விரிப்பார். கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு, ஸ்டெப்னி, ஸ்டீரியோ, ஏற்கெனவே இருந்த கீறல் எல்லாவற்றையும் குறியுங்கள். சேசிஸ் நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். எஸ்டிமேட்டுக்கு மேல் வேலை கூடினால் அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியைக் கோர்ட்டில் காட்ட, புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். போன் மாற்றும்போது அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

ஜாப் கார்டின் அடியில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும். வேலை முடிந்ததாகத் தெரிவித்த எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும், அதற்குப் பின் நாளுக்கு எவ்வளவு பார்க்கிங், எத்தனை நாள் தாண்டினால் நோட்டீஸ் கொடுத்து விற்க ஓனர் சம்மதிக்கிறார். எழுத்தில் இல்லாத பார்க்கிங் வாடகை கோர்ட்டில் நிற்பது கஷ்டம். "உன் பாக்கிக்காக நீ பிடித்து வைத்தாய், அதற்கு என் கட்சிக்காரர் ஏன் வாடகை தர வேண்டும்" என்று எதிர் வக்கீல் கேட்பார். இன்னொன்று, "ஒரு மாதம் கழித்துக் காசு கொடுங்கள்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் பிரிவு 170-இன் உரிமை போயிற்று. கூலியைக் கடனாக விட்டவர் வண்டியைப் பிடித்து வைக்க முடியாது.

சிலர் வண்டி விடும்போதே பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பின்னால் நீங்கள் அதை நிரப்பினால் பொய் ஆவணம் என்று உங்கள் மேலேயே புகார் திரும்பும்.

வேலை முடிந்ததும் போனோடு நிறுத்தாதீர்கள். ஆர்சியில் உள்ள முகவரிக்கு, ஒப்புகையோடு கூடிய தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வண்டி எண், சேசிஸ் எண், பில் தொகை, எடுக்க வேண்டிய கடைசித் தேதி நான்கும் அதில் இருக்க வேண்டும். கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதுவே சாட்சி. ஆர்சியில் ஹெச்.பி. (ஃபைனான்ஸ் கடன் பதிவு) இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் ஒரு நகல் போகட்டும். பல நேரம் தவணை கட்ட முடியாத ஓனர்தான் வண்டியை உங்களிடம் ஒளித்து வைத்திருப்பார். கம்பெனிக்கு வண்டி இருக்கும் இடம் தெரிந்தால், பில்லைக் கட்டி எடுத்துக்கொள்ள முன்வரவும் கூடும்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். "இது சிவில் மேட்டர்" என்பார்கள். சிவில் மேட்டர்தான். ஆனால் அது திருட்டு வண்டியா என்று தெரிய வேண்டும். நாளைக்கு ஓனரே "என் வண்டியைத் தரமாட்டேன் என்கிறார்கள்" என்று அங்கே போய் நிற்கும்போது உங்கள் தேதி முந்தியதாக இருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் ஆத்திரத்தில் செய்யும் காரியங்கள்தான் மெக்கானிக்கைக் குற்றவாளியாக்குகின்றன. அந்த வண்டியை எடுத்து ஓட்டாதீர்கள். அனுமதியில்லாத உபயோகத்தில் அடிபட்டால் முழு நஷ்டமும் உங்கள் தலையில், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 154. பாகத்தைக் கழற்றி விற்காதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 314, 316 பிரிவுகள், அதாவது கையாடலும் நம்பிக்கை மோசடியும், அங்கே காத்திருக்கின்றன. காயலான் கடையில் போட்டால் சேசிஸ் நம்பரோடு ஆதாரம் அழியும், திருட்டுப் பழி மட்டும் மிஞ்சும். பதிவு பெற்ற ஸ்கிராப் மையமோ ஓனரின் ஒப்புதல் இல்லாமல் எடுக்காது. இடத்தை அடைக்கிறதே என்று தெருவில் தள்ளினால், வண்டி உங்கள் கையை விட்டுப் போன அந்த நிமிடமே பிடித்து வைக்கும் உரிமையும் போகிறது. அதற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவின்படி 10 மணி நேரம் அநாதையாக நின்றாலே போலீஸ் இழுத்துச் செல்லச் சொல்லலாம். அதே ஓனர் கொண்டுவந்த இரண்டாவது வண்டியைப் பழைய பாக்கிக்காக மடக்கவும் முடியாது. வங்கி போன்ற சிலருக்கு அந்தப் பொது உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு கொடுத்திருக்கிறது, நமக்குக் கொடுக்கவில்லை.

யாருக்காவது பத்திரம் எழுதி விற்றுவிடலாம் என்று ஆலோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27: உரிமை இல்லாதவரிடம் வாங்கியவருக்கு உரிமை வராது. வாங்கியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற முடியாமல் உங்களிடமே திரும்பி வந்து நிற்பார்.

ஆகவே கோர்ட்டு. வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று காலத்தைக் கடத்தி இதைத் தவற விடுகிறவர்கள் ஏராளம். இடையில் ஓனர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டால் கணக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒர்க்‌ஷாப் இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். வெறும் பணம் கேட்டு வழக்குப் போடாதீர்கள். வண்டியின் மேல் உங்களுக்குள்ள உரிமையை அறிவிக்கவும், வண்டியை விற்றுப் பாக்கியை அடைக்கவும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் வண்டியே வழக்கின் பொருளாகிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 39-ஆவது கட்டளை 6-ஆவது விதிப்படி, நாளுக்கு நாள் கெடுகிறது, தீர்ப்பு வருவதற்குள் ஒன்றுமிருக்காது என்று சொல்லி இடைக்கால விற்பனை கேட்க அது வழி திறக்கும். பழுதாகும் வண்டியின் போட்டோக்களைத் தேதியோடு அதில் வையுங்கள். ஓனர் சம்மன் வாங்காமல் ஒளிந்தால் பத்திரிகை விளம்பரம் கொடுத்து ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கலாம்.

தீர்ப்பு வந்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிறைவேற்று மனு போட்டு, ஜப்தி செய்து, ஏல அறிவிப்பு கொடுக்க வேண்டும். அசையும் பொருளுக்கு அறிவிப்புக்குப் பின் குறைந்தது 7 நாள். வண்டியை நீங்களே எடுக்க நினைத்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது கட்டளை 72-ஆவது விதியைக் கவனியுங்கள். தீர்ப்புப் பெற்றவர் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் ஏலம் கேட்கக் கூடாது. அந்த அனுமதியையும், ஏலத் தொகையைப் பாக்கியில் கழித்துக்கொள்ளும் அனுமதியையும் முன்கூட்டியே மனுப் போட்டு வாங்குங்கள். கடைசி உத்தரவில் வண்டி எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் மூன்றும் எழுதி, ஆர்.டி.ஓ. பெயர் மாற்றித் தர வேண்டும் என்ற நேரடிக் கட்டளை இருக்கட்டும். அரசு ஏலத்துக்கென்று 32-ஆம் படிவம் இருக்கிறது. கோர்ட்டு ஏலத்துக்கு அப்படித் தெளிவான பாதை இல்லாததால் கவுண்டரில் இருப்பவரே திணறுவார். கட்டளை இல்லாத உத்தரவோடு போனால் "ஓனர் கையெழுத்து எங்கே" என்ற கேள்வியிலேயே மறுபடி நிற்பீர்கள். பழைய அபராதம், காலாவதியான இன்ஷூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று), ஹெச்.பி. நீக்க ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) எல்லாம் அதற்கு மேல். ஏலம் கேட்பதற்கு முன்னாலேயே இவற்றைக் கூட்டிப் பாருங்கள். பழைய வண்டிக்கு இந்தச் செலவே வண்டி விலையைத் தாண்டிவிடும்.

சில ஆயிரம் ரூபாய் லேபருக்காக இத்தனை படியும் ஏற வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால், உழைத்தவர் தோற்கட்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அதனால் ஓனரின் குரல் ஒருமுறை போனில் கிடைத்தாலும் அதைச் செட்டில்மெண்டாக மாற்றுங்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். அங்கே வரும் முடிவுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பின் பலம் உண்டு. பாதித் தொகைக்குச் செக் கொடுத்து வண்டியைக் கேட்டால், பாக்கியை ஒப்புக்கொண்ட கடிதமும் கூடவே வாங்குங்கள். செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்தத் தேதிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் கையில் வெறும் காகிதம்தான்.

வண்டியை விட்டுவிட்டுப் போன ஓனர்களுக்கும் சொல்கிறேன். காசு இல்லையென்றால் இல்லையென்று வந்து சொல்லுங்கள். வண்டியையே பில்லுக்கு ஈடாகக் கொடுப்பதென்றால் 29-ஆம் படிவத்திலும் 30-ஆம் படிவத்திலும் கையெழுத்துப் போட்டு, ஆர்சியையும் அடையாளச் சான்றையும் கொடுத்து, பெயர் மாறும்வரை கூட இருங்கள். ஒளிந்துகொண்டால் தப்பித்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆர்சியில் உங்கள் பெயர் இருக்கும்வரை அந்த வண்டி ஏற்படுத்தும் விபத்துக்கு நஷ்ட ஈடு உங்களிடம்தான் கேட்கப்படும். 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் உள்ளவரே ஓனர் என்று சொல்லியாகிவிட்டது.