ரசீதில் என்ன எழுதுவது?

2025 ஜூலை. இரண்டு வாரமாக எங்கள் சபை வாட்ஸாப் குழுவில் ஒரே கொண்டாட்டம். "இனிமே பாஸ்டர் பிரசங்கத்திலேயே யாருக்கு ஓட்டுப் போடணும்னு சொல்லலாம், ஐஆர்எஸ் ஒத்துக்கிச்சு, ஸ்தோத்திரம்" என்று ஒருவர் போட, அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். (ஐஆர்எஸ் என்றால் அமெரிக்காவின் வரித் துறை.) நான் அமெரிக்காவில் ஒரு சின்னத் தமிழ்ச் சபையின் பொருளாளர். ஆறு வருஷமாகக் காணிக்கையை எண்ணி, வங்கியில் கட்டி, ஜனவரி வந்தால் எல்லாருக்கும் வரி ரசீது அனுப்புகிறவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு இதில் கொண்டாட ஒன்றும் தெரியவில்லை. குழுவில் எழுதினால் சண்டை ஆகும் என்று இங்கே எழுதுகிறேன். (குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறீர்கள், தெரியும். சரி, பரவாயில்லை.)

முதலில், அந்த பார்வர்டில் பாதிதான் உண்மை. டெக்சாஸில் இரண்டு சபைகளும், தேசிய மத ஒலிபரப்பாளர் சங்கமும், இன்னொரு அமைப்பும் சேர்ந்து வரிச்சலுகை பெறும் சபைகள் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது என்ற சட்டத்தை எதிர்த்து 2024 ஆகஸ்டில் ஐஆர்எஸ் மீது வழக்குப் போட்டன. 2025 ஜூலை 7 அன்று வழக்குப் போட்டவர்களும் ஐஆர்எஸ்ஸும் ஒன்றாகவே போய் ஒரு சமரச மனுவை நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஆராதனையின் பகுதியாக, சபை வழக்கமாகத் தன் மக்களிடம் பேசும் வழிகளில், விசுவாசத்தின் கண்ணோட்டத்தில் ஒரு வேட்பாளரைப் பற்றிப் பேசினால் அது தேர்தலில் தலையிட்டதாகாது, ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சு மாதிரி என்பது அதன் சாரம். இதை எழுதும் இந்த ஜூலையில் நீதிபதி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டாலும் உத்தரவு கட்டுப்படுத்துவது அந்த இரண்டு சபைகள் விஷயத்தில் மட்டும்தான். சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் "ஐஆர்எஸ் ஒத்துக்கிச்சு" என்ற செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, எங்கள் குழு வரைக்கும்.

அந்தச் சட்டத்துக்கு ஜான்சன் திருத்தம் என்று பெயர். சபைகளின் வாயை அடைக்கக் கொண்டுவந்தது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், மதத்தையும் அரசையும் பிரித்துவைக்க முன்னோர்கள் எழுப்பிய சுவர் என்று இன்னொரு பக்கம். இரண்டும் இல்லை. 1954இல் டெக்சாஸ் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சனுக்குத் தன் கட்சிக்குள்ளேயே போட்டி. வரிச்சலுகை பெற்ற சில கம்யூனிச எதிர்ப்பு அமைப்புகள் அவருக்கு எதிராகத் துண்டறிக்கை விநியோகித்தன. அவை சபைகள்கூட இல்லை. மனிதர் கடுப்பாகி, அந்த ஜூலையில் வரி மசோதாவில் ஒரு திருத்தத்தைச் செருகினார்: 501(சி)(3) பிரிவின்கீழ் வரிச்சலுகை பெறும் எந்த அமைப்பும் எந்த வேட்பாளருக்காகவும் தேர்தல் பிரச்சாரம் செய்யக் கூடாது. விசாரணை கிடையாது, விவாதம் கிடையாது. குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவர் கையெழுத்துப் போட்டார். சொந்த வீட்டுத் தோட்டத்தில் மாடு மேய்ந்ததற்காக ஒருத்தர் போட்ட வேலி, எழுபது வருஷமாக ஊருக்கே வேலியாக நிற்கிறது. போட்டவரின் நோக்கம் அற்பமாகவே இருக்கட்டும், வேலி இன்று என்ன செய்கிறது என்பதுதானே கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் சபையில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இப்போதும் பாஸ்டர் கருக்கலைப்பு பற்றிப் பேசலாம், குடியேற்றம் பற்றிப் பேசலாம், போரைத் திட்டலாம், ஏழைகளை மறந்த பட்ஜெட்டைக் கிழித்துத் தொங்கவிடலாம். வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம். போட்டியிடும் எல்லாரையும் ஒரே மாதிரி அழைத்து மேடை போடலாம். தனிமனிதராக, சபை பெயரையும் சபை மேடையையும் இழுக்காமல், தான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்றும் சொல்லலாம். தடை ஒரே ஒரு இடத்தில்தான்: சபையாக நின்று "இவருக்குப் போடு, அவருக்குப் போடாதே" என்பது. அதையும் சொல்லியே ஆக வேண்டுமென்றால் சலுகையை விட்டுவிட்டுச் சொல்லலாம், யாரும் சிறையில் போட மாட்டார்கள்.

இப்போது ரசீதுக்கு வருகிறேன். 250 டாலரோ அதற்கு மேலோ காணிக்கை கொடுத்தவர் வரிக்கழிவு கேட்க வேண்டுமென்றால் சபையிடமிருந்து எழுத்துபூர்வமான ரசீது வேண்டும். அதில் ஒரு வாசகம் கட்டாயம்: இந்தக் காணிக்கைக்குப் பதிலாக ஆன்மீகப் பலனைத் தவிர வேறு எந்தப் பொருளோ சேவையோ தரப்படவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து. முதல் இரண்டு வருஷம் யோசிக்காமல்தான் போட்டேன், யார் யோசிப்பார்கள்?

மூன்றாவது வருஷம் யோசிக்க வேண்டி வந்தது. உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தல் நேரம். சபையில் வசதியான ஒரு குடும்பம், நல்லவர்கள்தான், கூரை மாற்றுவதற்குப் பெரிய தொகை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். குடும்பத் தலைவர் ஒருநாள் ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைத் தனியாக அழைத்தார், நானும் பக்கத்தில் காணிக்கைப் பையோடு நிற்கிறேன். பேச்சு அந்தத் தேர்தலில் நிற்கும் ஒரு வேட்பாளரைப் பற்றி. "அடுத்த ஞாயிறு அவரக் கூப்பிட்டு முன்னால நிறுத்தி ஒரு ஜெபம் பண்ணிருங்க பாஸ்டர், இவர்தான் நம்ம ஆளுன்னு ஒரே ஒரு வார்த்தை." கூரையைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் பாஸ்டர் அப்போது ஆர்-1 விசாவில் இருந்தார். மத ஊழியர்களுக்கான விசா அது, சபைதான் மனுப் போட வேண்டும். சம்பளம், விசா, தங்கும் வீடு மூன்றும் கமிட்டி கையில், கமிட்டியில் அந்தக் குடும்பத் தலைவரின் மைத்துனர். பாஸ்டர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, ஆசைதான், ஆனா ஐஆர்எஸ் சும்மா விடமாட்டான்ணே, சபைக்கே பிரச்சினை வந்துரும்" என்றார். அண்ணனும் "ஓ, அப்படியா, சரி சரி" என்று விட்டுவிட்டார். மனஸ்தாபம் இல்லை, சண்டை இல்லை, கூரையும் வந்தது. வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் பாஸ்டர் என்ன பதில் சொல்லியிருப்பார்? "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லும் நிலையில் அவர் இருந்தாரா?

பிரசங்க பீடத்தின் சுதந்திரம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பத்தாயிரம் பேர் வரும் பெரிய சபையில், தன் பெயரிலேயே டிவி நிகழ்ச்சி வைத்திருக்கும் பாஸ்டருக்கு அது சுதந்திரமாக இருக்கலாம். எண்பது குடும்பம் உள்ள சபையில் சம்பளத்துக்கு இருப்பவருக்கு, "முடியாது" என்று சொல்ல ஒரு நல்ல சாக்கு இருப்பதுதான் சுதந்திரம். அந்தச் சாக்கைத்தான் இப்போது பிடுங்குகிறார்கள். 2017இல் இந்தத் திருத்தத்தை அடியோடு அழிப்பேன் என்று ட்ரம்ப் சொன்னபோது, வேண்டாம், இருக்கட்டும் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மதத் தலைவர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். அதில் எத்தனை பேர் எங்கள் பாஸ்டர் மாதிரி கூரைக்கடியில் நின்றவர்களோ.

அப்புறம் பணம். 2024 தேர்தலில் நாடாளுமன்றத்துக்கோ அதிபர் பதவிக்கோ நிற்கும் ஒருவருக்கு நான் நேரடியாகக் கொடுக்க முடிந்தது ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர். 200 டாலரைத் தாண்டினால் என் பெயர் பொதுப் பட்டியலில் வரும். வரிக்கழிவு ஒரு காசு கிடையாது. அதே ஆண்டு ஒருவர் சபைக்கு ஒரு லட்சம் டாலர் காணிக்கை போட்டிருந்தால், அவர் உச்ச வரம்பான 37 சதவீத வரி கட்டுகிறவராக இருந்தால், 37,000 டாலர் வரை வரி குறைந்திருக்கும். யார் போட்டார் என்று வெளியே தெரியாது. மற்ற தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் 990 படிவத்தில் வரவு செலவை வெளியிட வேண்டும், சபைகளுக்கு அதுவும் வேண்டாம். அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கக்கூட வேண்டாம், சபை என்றாலே சலுகை உண்டு. நிழலான அரசியல் பணம் ஓடுவதற்கு இதைவிட வழுவழுப்பான குழாயை யாராவது திட்டம் போட்டுச் செய்ய முடியுமா? 2017இல் இந்தத் தடையைத் தளர்த்த வரி மசோதாவில் ஒரு பிரிவு வைத்தபோது, பத்து வருஷத்தில் அரசுக்கு 210 கோடி டாலர் வருமானம் குறையும் என்று காங்கிரஸின் கூட்டு வரிக்குழுவே கணக்குப் போட்டது. பேச்சு மட்டும்தான் என்றால் வருமானம் ஏன் குறைய வேண்டும்? (செனட் நடைமுறை விதி இடித்ததால் அந்தப் பிரிவு கழன்று விழுந்தது.)

சமரச மனுவில் பேச்சுக்கு மட்டும்தானே இடம், விளம்பரத்துக்கு இல்லையே என்று கேட்பீர்கள். சபையின் வழக்கமான வழி என்றால் இன்று என்ன? யூடியூப் நேரலை, மின்னஞ்சல், பேஸ்புக் பக்கம். கேமராவும் மைக்கும் காணிக்கைப் பணம், அதை இயக்கும் தம்பிக்குக் கொடுக்கும் தொகையும் காணிக்கைப் பணம். குடும்பப் பேச்சு என்ற உவமை எனக்கு உள்ளபடியே பிடிக்கவில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் யாரைத் திட்டினாலும் அதற்கு யாரும் எனக்கு வரிக்கழிவு தருவதில்லை. ஊருக்கே நேரலையில் போகிற குடும்பப் பேச்சு எங்கே நடக்கிறது?

எதிர்த் தரப்பு முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஐஆர்எஸ் இந்தச் சட்டத்தை நடத்திய லட்சணம் அப்படி. 2004 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கலிபோர்னியாவில் பசடேனாவின் ஆல் செயின்ட்ஸ் சபையில், ஓய்வுபெற்ற போதகர் ஜார்ஜ் ரீகஸ், புஷ்ஷோடும் கெர்ரியோடும் இயேசு விவாதம் செய்தால் எப்படி இருக்கும் என்று பிரசங்கம் பண்ணினார். யாருக்கும் ஓட்டுப் போடச் சொல்லவில்லை, ஈராக் போரைக் கண்டித்தார். அதற்கு ஐஆர்எஸ் விசாரணை, 2007 வரை இழுத்தடித்து, நீங்கள் செய்தது தலையீடுதான், ஆனால் நடவடிக்கை இல்லை என்று ஒரு கடிதம். எது தப்பு என்று சொல்லவும் இல்லை. இந்தப் பக்கம் 2008இல் 33 பாஸ்டர்கள் வேண்டுமென்றே மேடையேறி வேட்பாளர்களைப் பற்றிப் பேசி, அந்தப் பிரசங்கத்தை ஐஆர்எஸ்ஸுக்கே அனுப்பி "வா, வழக்குப் போடு" என்றார்கள். பிறகு வருஷாவருஷம் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் எதிர்பார்த்த பெரிய வழக்கு வரவே இல்லை. 2009இல் மினசோட்டாவில் ஒரு சபையைத் தணிக்கை செய்யப் போய், உத்தரவு போட்ட அதிகாரியின் பதவி போதாது என்று நீதிமன்றமே தள்ளிவிட்டது. இந்தக் காரணத்துக்காகச் சலுகை இழந்த சபை என்று எல்லாரும் சுட்டிக்காட்டுவது ஒன்றைத்தான், நியூயார்க் மாநிலத்துப் பியர்ஸ் க்ரீக் சபை. 1992 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு கிளிண்டனுக்கு எதிராக இரண்டு தேசியப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம். அடியில், இந்த விளம்பரத்துக்கு வரிக்கழிவுள்ள நன்கொடைகள் வரவேற்கப்படுகின்றன என்று ஒரு வரி, அனுப்ப முகவரியோடு. 1995இல் சலுகை போனது, 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் சபையின் பொருளாளர் ரசீதில் என்ன எழுதினாரோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

என் லிபரல் நண்பர்களுக்கும் ஒன்று உண்டு. வலதுசாரிச் சபைகள் மட்டும்தான் இதைச் செய்வதாகப் பேசாதீர்கள். தேர்தலுக்கு முந்தின ஞாயிறுகளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் கறுப்பினச் சபை மேடைகளில் நிற்பது எத்தனை தலைமுறைப் பழக்கம்! 1960இல் கென்னடிக்கான நீலத் துண்டறிக்கைகள் கறுப்பினச் சபை வாசல்களில்தான் கைமாறின. அதற்கொரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. வாக்குச்சாவடிக்குள் விடாமல் விரட்டப்பட்டவர்களுக்கு, வெள்ளைக்காரனின் அனுமதி கேட்காமல் கூடிப் பேசச் சபையைவிட்டால் வேறு கூரை கிடையாது. அந்த நியாயத்தைப் புரிந்துகொள்கிறவர், விதி என்று வந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டும். இப்போது வந்திருக்கும் சமரசத்தில் அதுவும் இல்லை: சபை பேசலாம், பக்கத்துத் தெருவில் அதே 501(சி)(3)இல் இருக்கும் உணவு வங்கி பேசக் கூடாது.

கத்தோலிக்க ஆயர் பேரவை, நாங்கள் வேட்பாளர்களை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் இல்லை என்ற எங்கள் நிலை மாறாது என்று இந்த மாதமே சொல்லிவிட்டது. நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, எங்களுக்கு மேலே ஆயர் பேரவையும் இல்லை. இருப்பது கமிட்டிதான். 2026 நவம்பரில் இடைக்காலத் தேர்தல், அதற்குள் யாராவது பாஸ்டரைத் தனியாக அழைப்பார்கள், அவர் கையில் இந்த முறை ஐஆர்எஸ் என்ற சாக்கு இருக்காது. அதனால் ஆகஸ்ட் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். சபையின் மேடை, நேரலை, மின்னஞ்சல், வாட்ஸாப் குழு எதிலும் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பேசுவதில்லை. அப்படிப் பேசும்படி பாஸ்டரை யாரும் கேட்கக் கூடாது. இரண்டே வரி. அண்ணனின் மைத்துனரிடம் நேற்றுப் படித்துக் காட்டினேன். முதல் வரி சரி, இரண்டாவது வரி எதற்கு என்றார்.