அட்வான்ஸை முழுங்கினது யாரு?

தயவுசெய்து அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு இன்பொக்ஸ்ல அனுப்பாதீங்க. பார்த்தாச்சு. வாழ்த்துரை சொல்ல மேடை ஏறின பெரியவர், மாப்பிள்ளை பொண்ணை வாழ்த்தினது ரெண்டு நிமிசம். மிச்ச நேரம் முழுக்க, கொரோனா காலத்துல மணவறைக்காரரும் மேளக்காரரும் சமையல்காரரும் சனங்களோட அட்வான்ஸை முழுங்கி ஏப்பம் விட்ட கதை. கீழே கைதட்டு வேற. அவர் கழுத்துல கிடந்த மாலையைக் கட்டினவர் அந்த மண்டபத்துலதான் எங்கேயாவது பின்கதவுப் பக்கம் நின்னிருப்பார். அது யாருக்கும் தோணலை.

அவர் பேரைப் போட மாட்டேன். அவர் ஒருத்தர் சொன்னதுன்னா விட்டுடலாம். இலங்கை மலையகத்துல ஹட்டன்லயும் தலவாக்கலையிலயும் பண்டாரவளையிலயும் எந்தக் கல்யாண வீட்டுல உட்கார்ந்தாலும் இதே பேச்சுத்தான் ஓடுது. அதனால ஒரு தடவை கணக்கோட சொல்லிடுறேன்.

அட்வான்ஸ்ங்கிறது லாபம் இல்லைங்க. வந்த அன்னைக்கே செலவாகிற காசு. உதாரணத்துக்கு, 2020ல நடுத்தரமான ஒரு மணவறை வேலையை 80,000 ரூபாய்க்குப் பேசி 20,000 அட்வான்ஸ் வாங்கினா, அதுல 8,000 பூந்தோட்டத்துக்காரருக்குப் போகும். துணி, பெயின்ட், ரெஜிபோம்னு சொல்ற வெள்ளை நுரைப் பலகைக்கு ஒரு 7,000. அந்தத் திகதிக்கு லொறியைப் பிடிச்சு வைக்க 3,000. மிச்சம் 2,000, அளவெடுக்கப் போய் வர்ற ஓட்டோவுக்கும் போனுக்கும். அவரோட கூலி இதுல எங்க இருக்கு? கல்யாணம் முடிஞ்சு மிச்சக் காசு கைக்கு வந்தாத்தான் கூலி. அது வராமப் போன சீசன்ல, அவர் முழுங்கினதா சொல்ற காசு ஏற்கெனவே நாலு கை மாறியாச்சு.

அந்த நாலு கையில பூந்தோட்டத்துக் கையை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க.

மணவறைக்கு வைக்கிற செவ்வந்தி கடையில தொங்குற சாமான் இல்லை. நட்டதுல இருந்து வெட்டுற வரைக்கும் கிட்டத்தட்ட மூணு மாசம். அந்தச் செடி இரவு நீளமா இருந்தாத்தான் மொட்டுப் பிடிக்கும். அதனால நட்ட புதுசுல சில வாரம் ராத்திரியில பல்ப் எரிய விட்டுச் செடியை உயரமா வளர்த்தெடுத்து, அப்புறம் லைட்டை நிப்பாட்டுவாங்க. எந்த நாள்ல நிப்பாட்டணும்ங்கிறது முகூர்த்தத் திகதியில இருந்து பின்னோக்கி எண்ணி முடிவு பண்றது. லைட்டை நிப்பாட்டின பிறகு சுகாதார அமைச்சு கல்யாணத்தை நிப்பாட்டினா, செடிக்குச் சுற்றறிக்கை வாசிக்கத் தெரியாது. அது பூத்தே தீரும். வெட்டிக் குளிரறையில ரெண்டு, நாலு பாகை செல்சியஸ்ல வச்சாலும் ஒண்ணு ரெண்டு வாரம்தான் தாங்கும். நம்ம சின்னத் தோட்டக்காரர்ல எத்தனை பேருக்குக் குளிரறை இருக்கு?

ரோஸ் இன்னும் மோசம். விற்காதுன்னு தெரிஞ்சும் தினமும் வெட்டியே ஆகணும். வெட்டாம விட்டா பூ செடியிலேயே விரிஞ்சு அழுகும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து ஈரத்துல, காத்தோட்டம் இல்லாத பொலித்தீன் கூடாரத்துக்குள்ள, அந்த அழுகின இதழ்லதான் சாம்பல் பூஞ்சணம் முதல்ல ஏறும். அங்கேயிருந்து பக்கத்து மொட்டுக்கு, அப்புறம் தண்டுக்கு. வெட்டினாத்தான் வெட்டின இடத்துக்குக் கீழே இருக்கிற கணுவுல இருந்து புதுத் தண்டு வந்து, குளிர்ல ஏழெட்டு வாரத்துல அடுத்த பூ வரும். அதனால 2020 ஏப்ரல்ல சம்பளம் கொடுத்து ஆள் பிடிச்சு, பூவை வெட்டி, உரக்குழியில கொட்டினாங்க. மரக்கறி லொறிக்காவது ஊரடங்குப் பாஸ் கிடைச்சுது. பூ லொறிக்கு யாரு பாஸ் தருவாங்க, எந்தச் சந்தைக்குன்னு கொண்டு போறது? அட்வான்ஸ் முழுங்கின லட்சணம் இதுதான்.

சரி, தள்ளி வச்ச திகதிக்கு அதே அட்வான்ஸை வச்சு வேலையைச் செஞ்சு கொடுத்திருக்கலாமேன்னு கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. பஞ்சாங்கத்தையும் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ஊரடங்கு போட்டாங்க. கல்யாணத்துக்கு வெட்டின பூ வாளியில நின்னுச்சு. பங்குனி, சித்திரை, வைகாசி மூணும் போச்சு. அந்த வருசம் ஒக்டோபர்ல மினுவாங்கொடை, பேலியகொடைன்னு கொரோனாத் தொற்றுக் கொத்தணி கிளம்பினதும் கொழும்புல வேலை செய்யுற நம்ம பிள்ளைங்க தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்தாலே சந்தேகமாப் பார்த்தாங்க. நம்ம மாப்பிள்ளைமார்ல பாதிப் பேர் கொழும்புக் கடையிலயும் ஹோட்டல்லயும் நிக்கிறவங்கதானே. தீபாவளிக்கே கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்தை விட்டு வெளியேற விடலை. 2021 மே 21ல இருந்து ஜூன் 21 வரைக்கும் பயணக் கட்டுப்பாடு, வைகாசி திரும்பவும் காலி. ஆடி போகட்டும்னு காத்திருந்தா, ஆவணி பிறந்த கையோட, ஆகஸ்ட் 17 நள்ளிரவுல இருந்து மண்டபத்துலயும் வீட்டுலயும் கல்யாணத்துக்குத் தடை. 20ஆம் திகதி இரவு ஊரடங்கு. ஒக்டோபர் 1 அதிகாலை எடுக்கிறப்போ புரட்டாசி நடக்குது. யாரோ பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தடை போட்ட மாதிரி.

அப்புறம் திறந்து விட்டாங்க. தள்ளிப்போன அத்தனை கல்யாணமும் எங்க போய் விழும்? ஆடியில வைக்க மாட்டோம், புரட்டாசியில வைக்க மாட்டோம், மார்கழியில வைக்கவே மாட்டோம். மிச்சமிருக்கிற வளர்பிறை முகூர்த்தம் நாலைஞ்சுதான். எல்லாரும் அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து நிப்பாங்க. மணவறைக்காரர்கிட்ட இருக்கிறது ரெண்டு செட். புக்கிங் அஞ்சு. மூணு வீட்டுக்கு முடியாதுன்னு சொல்லணும். அப்போ அந்த மூணு வீட்டுக்காரங்க அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பாங்க. காசு செவ்வந்தியா பூத்து உரக்குழிக்குப் போய் ஆறு மாசம் ஆச்சு. சண்டை எல்லாம் இந்த இடத்துலதான் ஆரம்பிச்சுது. மனுசனோட பேராசையிலன்னு மேடையில சொல்றது லேசு.

மேளக்காரங்களைப் பத்திச் சொன்னதுதான் எனக்கு ரொம்பச் சுட்டுச்சு. தவில் சும்மா கிடந்தா கெடும்னு அந்த ஐயாவுக்குத் தெரியுமா? தோலுக்கு ஈரம் ஆகாது. மஸ்கெலியா மழையில ரெண்டு மாசம் வாசிக்காம உறையிலேயே கிடந்தா தோல் தளர்ந்து, பூஞ்சணம் பூத்து, வலது பக்கத் தோலான வலந்தலையோட ஒலி செத்துப்போகும். பிரிச்சுத் தோல் மாத்தித் திரும்ப இழுத்துக் கட்டணும், அதுக்கும் காசு. நாதஸ்வரத்துக்கு வாயில வச்சு ஊதுற சீவாளி வேணும். அது தஞ்சாவூர்ப் பக்கத்து ஆத்தங்கரைக் கொறுக்கைங்கிற நாணல் மாதிரித் தட்டையில செய்யுறது. அங்கேயிருந்து யாராவது கையில கொண்டு வந்தாத்தான் உண்டு. விமான நிலையம் மூடிக் கிடந்தப்போ யாரு கொண்டு வர்றது? வாசிக்காத சீவாளி காய்ஞ்சு வாய் கோணும், இல்லைன்னா பூஞ்சணம் பிடிக்கும். அதைப் பிறகு வாயில வச்சு ஊதுறதும் அவர்தான்.

சாமான் வச்சிருக்கிற எல்லாருக்கும் இதே கதைதான். ஈரத்தோட மடிச்சு வச்ச கூடாரத் துணியில கறுப்புப் புள்ளி விழும், கழுவினாலும் போகாது. ரெஜிபோம் தூணை எலி கொறிக்கும். ஜெனரேட்டர்ல பெற்றோலைக் குழாய் மூடி ஓட விட்டுத் தீர்க்காம வச்சா, கார்புரேட்டர்ல பசையா உறைஞ்சு ஜெட் அடைபடும். கேமரா லென்ஸுக்குள்ள நுவரெலியா ஈரத்துல சிலந்தி வலை கணக்கா பூஞ்சணம் படரும், சிலிக்கா ஜெல் போட்டுக் காத்துப் புகாத டப்பாவுல வைக்காத லென்ஸ் எல்லாம் போச்சு. வேலை இல்லாத நாள்லயும் இவங்களுக்குச் செலவு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அடுத்தது சிக்கன வாதம். ஐம்பது பேரோட நடந்த கொரோனாக் கல்யாணம்தான் உத்தமமான கல்யாணம், அதையே வழக்கமாக்கியிருக்கணுமாம். நல்லது. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசின்னு 400 பேருக்கு 50 கிலோ. ஐம்பது பேருக்கு ஆறேழு கிலோ போதும், சரிதான். ஆனா சமையல்காரர் எட்டில் ஒரு பங்கு ஆளா வர முடியுமா? கிடாரத்துக்குப் பதிலா அண்டா, அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரி முழிப்பு அதே முழிப்பு. உதவிக்கு ரெண்டு பேர் வேணும், வேன் வேணும். மணவறையைத் தூக்கி நிறுத்த ஐம்பது பேர் கல்யாணத்துக்கும் நாலு பேர், ஐந்நூறு பேர் கல்யாணத்துக்கும் நாலு பேர். ஆனா எல்லாரும் வந்து கேட்டது, “ஆள் குறைவுதானே அண்ணே, பாதி விலைக்குச் செஞ்சு குடுங்க.” கேட்டவங்கள்ல சிக்கனத்தைப் பத்திப் பதிவு போட்டவங்களும் இருந்தாங்க.

இன்னொண்ணு. தேயிலைத் தோட்டத்துல கல்யாணம்னா ஐம்பது பேரை எப்படிப் பொறுக்குறது? ஒரு லயத்துக் காம்பராக்களை எண்ணினாலே பட்டியல் முடிஞ்சுரும். மொய் நோட்டுன்னு ஒண்ணு இருக்கு. இருபது வருசமா பொண்ணோட அம்மா ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் எழுதினது, மகள் கல்யாணத்துல திரும்பி வரணும். சமையல்காரருக்கும் சவுண்ட்காரருக்கும் மிச்சக் காசு அந்த மொய்யிலதான் கட்டுறது. சனம் வராட்டி மொய் இல்லை, மொய் இல்லாட்டி மிச்சக் காசு இல்லை. யார் யாரை முழுங்கினாங்கன்னு இப்போ சொல்லுங்க.

“அப்போ ஏமாந்த சனங்க?” கேள்வி நியாயம். 2020ல தோட்டத்துல அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். படியும் சேர்த்து 1,000 ஆனது 2021 மார்ச்சுல. அந்தச் சம்பளத்துல 20,000ங்கிறது ஒரு மாசத்து உயிர். அதைத் தொலைச்சவங்க கத்தினா நான் காது கொடுப்பேன். உண்மையிலேயே ஏமாத்தினவங்களும் இருந்தாங்க, போனை ஓஃப் பண்ணிட்டு ஊர் மாறினவங்க. அவங்களைத் திட்டுங்க. ஆனா மேடையில திட்டினவர் கொழுந்து எடுக்கிறவர் இல்லையே. அவருக்கு என்ன நட்டம்னு இதுவரை யாரும் சொல்லலை.

“வேற தொழில் பார்த்திருக்கலாமே?” பார்த்தாங்க. தவில் வாசிக்கிறவர் ஓட்டோவுல மரக்கறி வித்தார். மணவறைப் பொடியன்கள் கரட் தோட்டத்துல நாட்கூலிக்கு நின்னாங்க. அதை நீங்கதான் பார்க்கலை.

“அரசாங்கம் உதவி செஞ்சுதே?” ஆமா, ஏப்ரல்லயும் மேயிலயும் குடும்பத்துக்கு 5,000, அதுவும் கிடைச்சவங்களுக்கு. லீசிங் கடனுக்குச் சலுகைக் காலம் கொடுத்தாங்க, வட்டி அதுபாட்டுக்கு ஏறிக்கிட்டு. மத்திய வங்கியோட 4 வீத வட்டி சௌபாக்யாக் கடன் வந்துச்சு. அதை வாங்க வியாபாரப் பதிவு, பேங்க் கணக்கு, கணக்குப் புத்தகம் எல்லாம் கேட்டாங்க. மேளத்துக்கு யாரு வியாபாரப் பதிவு எடுக்கிறா? மஞ்சள் இறக்குமதியையும் உளுந்து இறக்குமதியையும் அதே காலத்துல தடுத்து விலையைக் கூரைக்கு ஏத்தினாங்க. மஞ்சள் இல்லாம நம்மள்ல எந்தக் கல்யாணம்? 2021 மேயில ரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டினாங்க, பூந்தோட்டம் ரெண்டாம் தடவை அடி வாங்குச்சு. தலை நிமிர்த்திப் பார்த்தா 2022, லொறிக்கு டீசல் இல்லை.

இவ்வளவுக்கும் மேல ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. கையில காசு புரண்ட பிறகு நம்ம ஆளுங்க மணவறைக்குக் கொழும்புக் கம்பெனியைக் கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க. அவங்க கேக்குற ஐம்பது வீத அட்வான்ஸை, திருப்பித் தர மாட்டோம்னு ஆங்கிலத்துல அச்சடிச்ச தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாங்க. அது டீசன்ட். நம்ம ஊர்ப் பொடியன் 20,000 கேட்டா அவன் முழுங்கி.

தை மாசத்துக்கு நாள் குறிச்சிருக்கிறவங்க பில்லுக்குப் பின்னாலேயே மூணு வரி எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வைங்க. தடை வந்தா எத்தனை தடவை காசில்லாமத் திகதி மாத்தலாம். பூவுக்கும் லொறிக்கும் போன பங்கு எவ்வளவு, அது திரும்பாது. மிச்சப் பங்கு எத்தனை நாளைக்குள்ள திரும்பும். தமிழ்லயே எழுதலாம், செல்லும்.

கொமென்ட்ல வந்து அந்த ஐயாவுக்கு வக்காலத்து வாங்கப் போறவங்க, உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு சவுண்ட் போட்டவருக்கு மிச்சம் வச்ச காசை முதல்ல கட்டிட்டு வாங்க. பேசலாம்.