ஸ்டேஷனைக் காலி செய்துவிட்டு ஸ்குவாட் அமைக்காதீர்கள்

நகராட்சி ஊர்களில் தொடர்ந்து நாலு வீட்டில் பூட்டை உடைத்தால் போதும், "தனிப்படை அமைக்கணும்" என்று குரல் எழும். ஆன்லைன் மோசடி என்றால் சைபர் பிரிவு, கஞ்சா என்றால் அதற்கொரு டீம். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த டீமுக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள்? பெரும்பாலும் அதே டவுன் ஸ்டேஷனிலிருந்துதான். சம்பளப் பட்டியலில் பெயர் இங்கே இருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார். ஸ்டேஷன் பேச்சில் இதற்கு ஓ.டி. (அயல்பணி) என்று பெயர்.

கணக்குக்காக ஒரு டவுன் ஸ்டேஷனுக்கு 50 பணியிடம் என்று வைத்துக்கொள்வோம். காலியிடம் 8, ஓ.டி.யில் 7 பேர் என்றால் மிச்சம் 35. 2021இல் அரசு ஆணையிட்ட வார விடுப்பை ஒழுங்காகக் கொடுத்தால் தினமும் 5 பேர் வரமாட்டார்கள். மருத்துவ விடுப்பு, பயிற்சி என்று இன்னும் 4 பேர். மிஞ்சும் 26 பேரில் கோர்ட்டுக்கு 2, சம்மன் வாரண்டுக்கு 2, எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரும் கணினியும் சேர்த்து 3, ரகசியத் தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவுக்கு 1, ஸ்டேஷன் வாசல் காவலான பாராவுக்கு 3, டிரைவர் 2. கடைசியில் தெருவுக்கு இருப்பது 13 பேர். இதை இரண்டு ஷிஃப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் ஆறேழு பேர். அந்த வாரம் பரமக்குடி நினைவு நாளுக்கோ பசும்பொன் குருபூஜைக்கோ திருவண்ணாமலை தீபத்துக்கோ பந்தோபஸ்து போட்டால் அதுவும் பாதியாகும்.

"ஒரு பாயிண்டுக்கு ஒரு ஆள் போதாதா?" என்று கேட்பவர்களுக்காக: 8 மணி நேர ஷிஃப்டில் ஒரு இடத்தை வருஷம் முழுக்க ஆள் இல்லாமல் விடக்கூடாது என்றால் 1,095 ஷிஃப்ட் வேண்டும். வார விடுப்பு, மற்ற விடுப்பு, பயிற்சி எல்லாம் கழித்தால் ஒருவர் வேலை பார்ப்பது ஏறக்குறைய 270 நாள். ஆக, ஒரு இடத்துக்கு 4 பேர். இந்தப் பெருக்கலைப் போடாமல் புதுப் பிரிவு அறிவித்தால், வார விடுப்பில்தான் கை வைப்பார்கள்.

ஒரு கைதுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கைதுக் குறிப்பு எழுதி, ஜி.எச்.சில் மருத்துவப் பரிசோதனை முடித்து, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, ரிமாண்ட் ஆனால் சிறையில் ஒப்படைத்துத் திரும்ப வேண்டும். 3 பேருக்கு ஒரு முழு நாள் போய்விடும். கைதானவர் பெண் என்றால் பெண் காவலர் கட்டாயம் கூடப் போகவேண்டும். பெண்களுக்கான சிறை பக்கத்து மாவட்டத்தில் இருந்தால், அன்றிரவு ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர்கூட இருக்கமாட்டார்.

இதில் எல்லோரும் தவறவிடும் விஷயம், சிறப்புப் பிரிவுகளே ஸ்டேஷன் காவலரை நம்பித்தான் இருக்கின்றன என்பது. திருட்டு நடந்த வீட்டுக்கு விரல்ரேகைப் பிரிவும் மோப்ப நாயும் மாவட்டத் தலைமையிடத்திலிருந்து வந்து சேர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை வாசலில் ஒரு காவலர் நிற்கவேண்டும். ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டார் உள்ளே வந்து பார்ப்பார்கள், யாரோ பீரோ கைப்பிடியைப் பிடித்துத் திறப்பார்கள், சிதறிக் கிடக்கும் துணியை வீட்டம்மா மடித்து வைப்பார், தரையைக் கூட்டிவிடுவார்கள். பவுடர் தூவி டேப்பில் எடுக்கும் ரேகையெல்லாம் வீட்டுக்காரர்களுடையதாகவே இருக்கும். நாயும் தெருமுனை வரை போய் நின்றுவிடும். பிரிவைக் குறை சொல்லி என்ன பயன்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தச் சுமையை இன்னும் கூட்டியிருக்கிறது. சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்கவேண்டும். 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது பிரிவு 176(3). நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் வீடியோ எடுப்பவர் ஒருவர், பொருளைக் கையாள்பவர் ஒருவர், கூட்டத்தைத் தள்ளி நிறுத்துபவர் ஒருவர் என்று ஆள் தேவை மூன்று மடங்கு ஆகிவிட்டது.

சைபரில் வேறொரு முடிச்சு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 78படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. டவுன் ஸ்டேஷனில் இருப்பதே ஒரு இன்ஸ்பெக்டர். அதனால் மாவட்டத்துக்கு ஒரு சைபர் ஸ்டேஷன் இருப்பது சரியான ஏற்பாடு. தப்பு எங்கே நடக்கிறதென்றால், பணத்தைப் பறிகொடுத்து வருபவரிடம் "மாவட்ட ஆபீசுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்புவதில். அவர் பஸ் பிடித்துப் போவதற்குள் பணம் நாலைந்து கணக்கு தாண்டி ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டிருக்கும். விசாரணை அங்கே நடக்கட்டும். ஆனால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்து, பணப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க யு.டி.ஆர். எண், பணம் போன நேரம், கணக்கு விவரம் சொல்லிப் புகாரைப் பதிய இன்ஸ்பெக்டர் தேவையில்லை. ஷிஃப்டுக்கு ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் போதும்.

என் கருத்து இதுதான். சின்ன ஊருக்கென்று தனியாக ஸ்குவாட் வேண்டாம், டி.எஸ்.பி. உட்கோட்டத்துக்கு ஒரு குற்றத் தனிப்படை, சொந்தப் பணியிடங்களோடு இருக்கட்டும். ஸ்டேஷனில் இரவில் இத்தனை பேருக்குக் குறையக்கூடாது என்று ஒரு எண் எழுத்தில் இருக்கவேண்டும், ரோந்து வண்டி டிரைவரையும் சேர்த்து. (வண்டி வாசலிலேயே நிற்கிற ஊர்கள் எத்தனை! டீசல் இருக்கும், ஓட்ட ஆள் இருக்கமாட்டார்.) விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே உத்தரவிட்டது. புலனாய்வு செய்யும் எஸ்.ஐ.யைப் பந்தோபஸ்துக்கு அனுப்பாமல் இருந்தாலே அதில் பாதி நிறைவேறிவிடும். மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் எத்தனை வழக்கு கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பதோடு, ஓ.டி.யில் எத்தனை பேர், எங்கே, எந்தத் தேதி வரை என்றும் எஸ்.பி. கேட்கட்டும். தேதி இல்லாத ஓ.டி. உத்தரவு ஒவ்வொன்றையும் அந்தக் கூட்டத்திலேயே ரத்து செய்யட்டும்.