திரையரங்கக் கண்ணாடி அணிந்தாலும் சாதாரணத் தொலைக்காட்சியில் 3டி தெரியாது

“திரையரங்கில் தரும் 3டி கண்ணாடியை அணிந்தால் எந்த 4கே தொலைக்காட்சியிலும் முப்பரிமாணப் படம் பார்க்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது.

அந்தக் கண்ணாடி பயன்பட வேண்டுமானால், இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் உரிய காட்சிகளை வரி விட்டு வரி பிரித்து அனுப்பும் சிறப்புப் படலம் திரையிலேயே இருக்க வேண்டும். சாதாரணத் திரையில் அது கிடையாது என்பதால், ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலும் அதே படம்தான், அதுவும் சற்று மங்கலாகத் தெரியும். சிவப்பு-நீலக் கண்ணாடி என்ற வேறு வகை 3டி கண்ணாடி எந்தத் திரையிலும் வேலை செய்யும் என்பது உண்மையே; ஆனால் அதற்கென்றே தயாரித்த காணொளி வேண்டும், நிறங்களும் கெட்டுவிடும். வதந்தி இந்தக் குழப்பத்திலிருந்தே கிளம்பியிருக்கலாம்.

சிறப்புத் திரை கொண்ட 3டி தொலைக்காட்சிகளும் வழக்கொழிந்துவிட்டன. விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனமான ஈஎஸ்பிஎன்னின் 3டி அலைவரிசை 2013இல் மூடப்பட்டது. சாம்சங் 2016இலும், எல்ஜியும் சோனியும் 2017இலும் புதிய 3டி தொலைக்காட்சிகளைக் கைவிட்டன. பழைய 3டி தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் 3டி ப்ளூ-ரே வட்டில் உள்ள 3டி படங்களைத் தாராளமாகப் பார்க்கலாம். உங்கள் தொலைக்காட்சியில் 3டி வசதி உண்டா என்பதை அதன் கையேட்டிலுள்ள தொழில்நுட்ப விவரப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாட்ஸ்அப் தகவலை மேலும் பகிராதீர்கள்.