ஷன்ட்ல கோளாறு இல்லை, கம்பி மாட்டின இடத்தைப் பாருங்க

தம்பி, 10 ஆம்பியர் போறப்ப உங்க மீட்டர் 12னு காட்டுதுன்னு சொல்லி, "உப்புக்காத்து பட்டு ஷன்ட் மதிப்பு மாறிடும், ப்ரோகிராம் கோடுல 0.83 ஆல பெருக்கிட்டா சரியாயிடும்"னு எழுதியிருக்கீங்க. ஷன்ட்னா கரண்ட் போற வழியில வெக்கற ரொம்பச் சின்னத் தடை; அதுல விழற மில்லிவோல்ட்டை வெச்சுத்தான் மீட்டர் ஆம்பியரைக் கணக்குப் போடுது. அதை நம்பி யாரும் செஞ்சிடக் கூடாதேன்னுதான் எழுதறேன்.

50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட்டோட தடை 1.5 மில்லிஓம். 10 ஆம்பியர் போனா 15 மில்லிவோல்ட் வரணும். உங்களுக்கு 18 வந்து, 12 ஆம்பியர்னு காட்டுது. அந்த மிச்ச 3 மில்லிவோல்ட்டுக்கு வெறும் 0.3 மில்லிஓம் போதும். ஒரு மோசமான இணைப்பே அவ்வளவு தந்துடும்.

பாம்பன்ல எங்க வீட்டு சோலார் பேட்டரியிலயும் இதேதான் நடந்துச்சு. அளவு எடுக்கற மெல்லிய கம்பியை, கேபிள் லக் (கேபிள் முனையில இருக்கற உலோக வளையம்) மாட்டற பெரிய போல்ட்லயே லக்குக்கு மேல வெச்சு முறுக்கியிருந்தேன். கழட்டிப் பார்த்தா லக்குக்கு அடியில பச்சைக் களிம்பு. அந்த இணைப்போட தடையும் அளவுல சேர்ந்துடுச்சு. ஷன்ட்ல உள்பக்கமா ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கே, அது அளவுக்கம்பிக்குன்னே வெச்சது. அங்க மாத்தினதும், கேபிளைச் சுத்திப் பிடிச்சு அளக்கற டிசி கிளாம்ப் மீட்டரோட ஒத்துப்போச்சு. களிம்பையும் சுரண்டி, போல்ட்டை இறுக்கினேன்.

களிம்பு பிடிச்ச இணைப்போட தடை ஒரே அளவுல நிக்காது. சூடானா மாறும், போல்ட் தளர்ந்தா மாறும். இன்னிக்குப் போட்ட 0.83 அடுத்த மாசம் பொய்யாகும். அதுக்குள்ள இணைப்பு இன்னும் கெட்டு சூடேறும், மீட்டர் சரியாத்தானே காட்டுதுன்னு நாம இருந்துடுவோம்.

லோடை முழுசா நிறுத்தியும் பூஜ்யம் வரலைன்னா அது வேற கோளாறு. அந்த அளவைக் கழிக்கணும், பெருக்கக் கூடாது.